விபத்தைப் பதிவு செய்த டிவிஆர் கோப்பு சாதாரண பிளேயரில் ஓடவில்லை. மாற்றிக் கொடுத்த காட்சி செல்லாது என்கிறார்கள்

கேள்வி: சாலையோரம் நடந்து சென்ற என் அப்பா மீது கார் மோதியதில் அவர் இறந்துவிட்டார். எதிரே உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் கேமராவில் விபத்து பதிவாகியிருந்தது. சங்கச் செயலாளர் அதை பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தார். 'டிஏவி' என்று முடியும் அந்தக் கோப்பு எங்கள் கணினியில் திறக்கவில்லை. இணையத்தில் கிடைத்த கன்வெர்ட்டர் மூலம் எம்பி4 ஆக மாற்றி, சிடியில் ஏற்றி, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்தோம். தேதியும் நேரமும் காணவில்லை, காரின் வேகம் கூட்டப்பட்டிருக்கிறது, இது திருத்தப்பட்ட காட்சி என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் சொல்கிறார். நாங்கள் எதையும் திருத்தவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: செயலாளர் கொடுத்த அந்த பென் டிரைவை இனி எந்தக் கணினியிலும் செருகாதீர்கள். ஒரு உறையில் போட்டு, யார் எப்போது கொடுத்தார் என்று எழுதி வையுங்கள். உங்கள் வழக்கின் உயிர் சிடியில் இல்லை, அதில்தான் இருக்கிறது.

நீங்கள் திருத்தவில்லை என்பதை நம்புகிறேன். ஆனாலும் எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மை இருக்கிறது. கேமரா நிறுவனங்கள் பல, பதிவைத் தங்களுக்கே உரிய வடிவத்தில் சேமிக்கின்றன. தேதியும் நேரமும் பெரும்பாலும் படத்தின் மேல் எழுதப்படுவதில்லை; கோப்புக்குள் தனித் தகவலாக இருக்கும், அந்த நிறுவனத்தின் பிளேயர்தான் அதைப் படித்துக் காட்டும். சாதாரண கன்வெர்ட்டருக்கு அது புரியாது, விட்டுவிடும். வேகமும் அப்படித்தான். டிவிஆர் (கேமராக் காட்சிகளைப் பதிந்து சேமிக்கும் கருவி) நொடிக்கு 12 படங்கள் எடுத்திருக்கலாம். கன்வெர்ட்டர் 25 என்று எண்ணிக்கொண்டு ஓட்டியிருக்கும். சாலையில் 10 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு அடையாளங்களைக் கார் 6 படங்களில் கடந்தது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அது அரை நொடி, அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். மாற்றிய காட்சியிலோ 150ஐத் தொடும். பார்ப்பவர் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். குடியிருப்புப் பகுதியில் 72 என்பதே கவனக்குறைவைக் காட்டப் போதுமானதாக இருக்கலாம். பொய்யான 150 உங்களுக்கு உதவாது, உண்மையான 72ஐயும் கெடுத்துவிடும்.

ஆகவே சிடியைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். அது பார்ப்பதற்காக மாற்றிய பிரதி மட்டுமே, மூலக் கோப்பைத் தாக்கல் செய்ய அனுமதி வேண்டும் என்று உங்கள் வழக்கறிஞர் மூலம் மனு போடுங்கள். எந்த மென்பொருளில் எப்போது மாற்றினீர்கள் என்பதைப் பிரமாண வாக்குமூலத்தில் ஒளிக்காமல் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 169வது பிரிவின்படி தீர்ப்பாயம் சுருக்கமான விசாரணை முறையைப் பின்பற்றலாம். குற்றவியல் நீதிமன்றத்தைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சொல்லாது. அதற்காக, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கத் தேவையான சான்றிதழ் இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

அந்தச் சான்றிதழ், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63(4) பிரிவில் வருகிறது. (அதற்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்கு என்றால் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி.) சட்டத்தின் அட்டவணையில் படிவம் உள்ளது; சாதனங்களின் பட்டியலில் டிவிஆரும் இருக்கிறது. 'அ' பகுதியில் டிவிஆருக்குப் பொறுப்பாக இருப்பவர், உங்கள் விஷயத்தில் செயலாளர், கையெழுத்திடுவது பொருத்தம். 'ஆ' பகுதி நிபுணருக்கு. இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண், வேண்டும். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும். சான்றிதழை மூலக் கோப்புக்கு வாங்குங்கள். எம்பி4க்கு வாங்கினால் எண் பொருந்தும், ஆனால் அது டிவிஆரிலிருந்து வந்த கோப்பு அல்லவே.

செயலாளர் வழக்கு வம்பு வேண்டாம் என்று ஒதுங்கலாம். பலர் அப்படித்தான். எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கேட்டும் தரவில்லை என்று காட்டினால், சான்றிதழைத் தருமாறு நீதிமன்றமே உத்தரவிடலாம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அந்தக் கடிதத்திலேயே இன்னொன்றையும் கேளுங்கள்: டிவிஆரின் மாடல், நொடிக்கு எத்தனை படங்கள் என்ற அமைப்பு, அதன் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது. டிவிஆர் திரையையும் கைபேசி நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து வைத்தால் நல்லது. முதல் தகவல் அறிக்கையில் ஒரு நேரம், காட்சியில் வேறு நேரம் என்ற குறுக்கு விசாரணைக்கு அதுதான் பதில். இன்றைய விலகல் விபத்து நாளிலும் அப்படியே இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் ஒன்றுமில்லாததைவிட மேல்.

ஹார்டு டிஸ்க் நிரம்பியதும் டிவிஆர் பழைய பதிவின் மேல் புதியதை எழுதும். விபத்து நாள் பதிவு அழிந்திருக்கலாம். அழியவில்லை என்றால், டிவிஆரைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரிக்கு இன்றே எழுதிக் கொடுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 94வது பிரிவில் அதைக் கேட்டுப் பெற அவருக்கு அதிகாரம் உண்டு. தெரிந்தவர் யாராவது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் போட்டுப் பார்க்கிறேன் என்றால் விடாதீர்கள். அதன் கோப்பு அமைப்பு விண்டோசுக்குப் புரியாமல், ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். 'சரி' என்று ஒரு முறை அழுத்தினால் போதும்.

தீர்ப்பாயத்தில் காட்சியைப் போடும் நாளில் அந்த நிறுவனத்தின் பிளேயரும் கையில் இருக்க வேண்டும். அதை வேறொரு பென் டிரைவில் எடுத்து, மூலக் கோப்பின் நகலோடு உங்கள் வழக்கறிஞரின் மடிக்கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். படம் மேலும் கீழும் நசுங்கித் தெரிந்தால் பயப்பட வேண்டாம்; சில பழைய டிவிஆர்கள் 704க்கு 288 என்ற அளவில் பாதி வரிகளை மட்டும் பதிவு செய்பவை. காரணத்தை நிபுணரின் அறிக்கையிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.