பேய்ப் படத்தில் பேயே தெரியவில்லையா? புது பாக்ஸ் வாங்காதீர்கள்

கேள்வி: வார இறுதிகளில் வீட்டிலேயே பேய்ப் படங்களும் தொடர்களும் பார்க்கிறோம். இருட்டுக் காட்சி வந்தால் திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, ஆள் இருப்பதே தெரிவதில்லை. பேசுவதும் சரியாகக் கேட்பதில்லை. ஒலியைக் கூட்டினால் அடுத்த நொடியே ஓர் அலறல் வந்து, தூங்கும் குழந்தை எழுந்துவிடுகிறது. புதிய 4கே ஆண்ட்ராய்டு பாக்ஸும் விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிளும் வாங்கினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? வீட்டில் பார்க்க ஏற்ற படங்கள் சிலவற்றையும் சொல்லுங்கள்.

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை ரிமோட்டிலேயே தீரும்.

முதலில் அந்தக் கட்டங்களைப் பார்ப்போம். இணையத்தில் வரும் படம் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. விவரத்தைக் குறைத்தாலும் கண்டுபிடிக்க முடியாத இடம் இருட்டுதான் என்பதால், சுருக்கும் மென்பொருள் அங்கேதான் அதிகம் சிக்கனம் பிடிக்கும். காதல் படத்தில் அது யாருக்கும் உறைக்காது. பேய்ப் படத்தில் கதையே இருட்டுக்குள்தான் நடக்கிறது. இணைய வேகம் குறைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி 1080பி (முழு எச்டி) படத்துக்கு 5 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு), அதைவிடத் துல்லியமான 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும். ரூட்டருக்குப் பக்கத்தில் போனை வைத்து அளந்த வேகத்தை நம்பாதீர்கள், டிவி இருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள். முடிந்தால் ரூட்டரிலிருந்து டிவிக்கு லேன் கேபிளே இழுத்துவிடுங்கள். செயலியில் ‘டேட்டா சேவர்’ போல ஏதாவது இயங்கினால் அணைத்துவிடுங்கள். நீங்கள் எடுத்திருக்கும் சந்தாவே 480பி அல்லது 720பி வரைதான் என்றால், எந்த டிவியும் அதற்கு மேல் காட்டாது.

அடுத்தது டிவி. பல டிவிகள் கடையின் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்கான அமைப்போடுதான் வீட்டுக்கு வருகின்றன. வாங்குபவர் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பார் என்ற எண்ணமே தயாரிப்பாளர்களுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. பிக்சர் மோடில் ‘விவிட்’, ‘டைனமிக்’ என்று இருந்தால் ‘ஃபிலிம்மேக்கர்’, ‘சினிமா’, ‘மூவி’ இவற்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் சினிமாவும் சீரியல் போல வழுக்கிக்கொண்டு ஓடும். அறை வெளிச்சத்தைப் பார்த்துத் திரையைத் தானாக மங்கலாக்கும் ‘ஈகோ’ சென்சாரையும் அணைக்க வேண்டும். விளக்கை அணைத்ததும் படம் இருண்டு போவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

பிறகு கறுப்பின் அளவு. திரை வெளிச்சத்துக்கு ஒரு அமைப்பு, கறுப்புக்கு ஒரு அமைப்பு எனத் தனித்தனியாக இருக்கும். ஒரு நிறுவனத்தின் ‘பிரைட்னஸ்’ வெளிச்சத்தை மாற்றும், இன்னொரு நிறுவனத்தின் ‘பிரைட்னஸ்’ கறுப்பை மாற்றும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இத்தனை ஆண்டுகளில் யாரும் முன்வரவில்லை. எனவே பெயரைப் பார்க்காமல் விளைவைப் பாருங்கள். கறுப்புச் சட்டையோ கோட்டோ போட்டவர் நிற்கும் இருட்டுக் காட்சியில் படத்தை நிறுத்துங்கள். தலைமுடியும் துணி மடிப்பும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் வரை கூட்டுங்கள். திரையின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டை சாம்பலாக மாறத் தொடங்கினால் ஒரு படி குறைத்து அங்கேயே விட்டுவிடுங்கள்.

வெளியிலிருந்து ஸ்டிக்கோ பாக்ஸோ செருகியிருந்தால் இன்னொன்றும் உண்டு. எச்டிஎம்ஐ செட்டிங்ஸில் ‘லிமிடெட்’, ‘ஃபுல்’ என்று இரண்டு இருக்கும்; கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவை அனுப்பும் இரண்டு முறைகள் அவை. கருவி ‘லிமிடெட்’ அனுப்பி டிவி ‘ஃபுல்’ என்று எடுத்துக்கொண்டால் கறுப்பெல்லாம் சாம்பலாகும். மாறி நடந்தால் நிழலில் உள்ளதெல்லாம் கரியாகிவிடும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் அதிக வித்தியாசம் காட்டும் முறை) படம் ஓடும்போது டிவி தனி பிக்சர் மோடுக்குப் போய்விடும் என்பதால், அது ஓடும்போதே இந்த மாற்றங்களை ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் சிக்னல். கேபிள் கெட்டால் திரை விட்டு விட்டு அணையும், புள்ளி புள்ளியாக மின்னும், அல்லது ‘நோ சிக்னல்’ என்று வரும். சாம்பலான கறுப்பை ஆழமாக்கும் சக்தி எந்தக் கேபிளுக்கும் கிடையாது. தங்க முலாம் முனை துருப்பிடிக்காமல் இருக்கத்தான். உங்கள் படம் தடையில்லாமல் ஓடுகிறதென்றால் உங்கள் கேபிள் நல்ல கேபிள்தான்.

அதைவிட மோசமான வலை அந்தப் பாக்ஸ். அட்டையில் 4கே என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கட்டணத் தளங்கள் உயர்தரப் படத்தை அனுப்புவதற்கு முன் கருவியில் வைட்வைன் எல்1 சான்று (படத்தை நகலெடுக்காமல் காக்கும் பூட்டின் உயர்ந்த நிலை) இருக்கிறதா என்று பார்க்கும். பெயர் தெரியாத பாக்ஸ்களில் பெரும்பாலும் அதன் தாழ்ந்த நிலையான எல்3தான் இருக்கும். அதில் நெட்ஃபிளிக்ஸ் பழைய டிவிடி தரத்தில்தான் ஓடும், நீங்கள் 4கே சந்தாவே கட்டினாலும்! ‘டிஆர்எம் இன்ஃபோ’ போன்ற இலவசச் செயலியைப் போட்டு எல்1ஆ எல்3ஆ என்று கடையிலேயே பார்த்துவிடலாம். பார்க்க விடமாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். ‘எல்லாப் படமும் இலவசம்’ என்று செயலிகளை முன்பே ஏற்றித் தரும் பாக்ஸ்கள் அதைவிட ஆபத்தானவை. இப்படிப்பட்ட கருவிகளில் வாங்கும் முன்பே தீம்பொருள் ஏற்றப்பட்டு வருவதைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொது எச்சரிக்கையே விட்டது. ‘எல்லா ஓடிடியும் ஒரே சந்தாவில்’ என்று மெசேஜ் செயலிகளில் விற்கும் இடைத்தரகர்களும் இதே ரகம்தான். யாரோ ஒருவருடைய கணக்கின் கடவுச்சொல்லைப் பத்துப் பேருக்கு விற்கிறார்கள். கணக்கின் உரிமையாளர் அதை மாற்றிய மறுநாள் விற்றவரின் எண்ணும் கிடைக்காது.

ஒலிக்கு வருவோம். பெரும்பாலான படங்களின் ஒலி 5.1 முறையில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), பேச்சுக்கென்று நடுவில் ஒரு ஸ்பீக்கர் இருப்பதாக நினைத்துக் கலக்கப்படுகிறது. உங்கள் டிவியில் இருப்பதோ இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள். படம் ஓடும்போது ஆடியோ மெனுவில் 5.1 இல்லாத, வெறும் மொழிப் பெயர் மட்டும் உள்ள ட்ராக்கைத் தேர்ந்தெடுங்கள். பேச்சு தெளிவாகும். பிறகு டிவியில் ‘நைட் மோட்’ அல்லது ‘ஆட்டோ வால்யூம்’ போடுங்கள். அது முணுமுணுப்பை உயர்த்தி அலறலை அடக்கும், குழந்தையும் தூங்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: ‘எ கொயட் பிளேஸ்’ (2018). சத்தம் கேட்டால் வந்து கொல்லும் உயிரினங்களிடமிருந்து ஒரு குடும்பம் ஒளிந்து வாழும் கதை. மகளுக்குக் காது கேளாது. கேமரா அவள் பக்கம் திரும்பும்போது சுற்றுப்புறச் சத்தம் அடங்கி மெல்லிய ரீங்காரம் மட்டும் இருக்கும். அவளுடைய செவிக்கருவி அணைந்துவிட்டால் அதுவும் போய் முழு அமைதி. குடும்பத்தின் அமைதி, மகளின் ரீங்காரம், முழு அமைதி என்ற இந்த மூன்றுக்கும் இடையிலான வித்தியாசத்தில்தான் அந்தப் படத்தின் பயம் இருக்கிறது. நைட் மோட் தாழ்ந்த ஒலியைத் தூக்கிவிடுவதால் அந்த வித்தியாசம் மங்கிவிடும், படமே செத்துவிடும். எனவே இதற்கு மட்டும் நைட் மோடை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். இரண்டு பேர் பார்ப்பதென்றால் குழந்தை இல்லாத வீட்டில் பாருங்கள். வேறு வழியில்லை.

இனி மற்ற படங்கள். இப்போதே, எதையும் மாற்றாத டிவியிலேயே பார்க்க ‘பூதகாலம்’ (2022) போதும். ரேவதி, ஷேன் நிகம் நடித்த மலையாளப் படம். ஒரு வீடு, தாய், மகன். பயம் அவர்களுக்கு நடுவிலேயே வளர்வதால் கும்மிருட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை. மாதவன் நடித்த ‘யாவரும் நலம்’ (2009) படத்தில் பயமே வரவேற்பறை டிவியில் ஓடும் சீரியலிலிருந்துதான் வருகிறது. அதைப் போனில் பார்ப்பவர்களுக்குப் பாதிப் படம்தான் கிடைக்கும்.

கறுப்பைச் சரிசெய்த பிறகு மம்மூட்டியின் ‘பிரமயுகம்’ (2024) போடுங்கள். முழுக்கக் கறுப்பு வெள்ளை என்பதால் டிவிக்கு நல்ல சோதனையும் ஆகும். சாம்பலில் நீலமோ பச்சையோ ஏறித் தெரிந்தால் கலர் டெம்பரேச்சரை ‘வார்ம்’ பக்கம் நகர்த்துங்கள். ‘ஹெரிடிட்டரி’ (2018) கடைசிக்குத்தான். அதில் ஓர் இருட்டறைக் காட்சியில் மூலையில் இருப்பதைக் கவனிக்காமலே பலர் கடந்துவிடுகிறார்கள். டிவி சரியாக இல்லையென்றால் நீங்களும் கடந்துவிடுவீர்கள். குழந்தைகள் விழித்திருக்கும்போது இதைத் தொடவே வேண்டாம்.

தொடர் என்றால் ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ (2018), 10 அத்தியாயங்கள், நெட்ஃபிளிக்ஸுக்காகவே எடுத்தது. பின்னணியில் கதவுக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில் என ஆவிகளை நிறுத்திவிட்டு, அவற்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஓர் இரவுக்கு இரண்டு அத்தியாயம் போதும். நீண்ட நீண்ட ஷாட்களில் எடுத்த ஆறாவது அத்தியாயத்தை இடையில் நிறுத்தாமல் பாருங்கள். ‘ஹோஸ்ட்’ (2020) ஒரு மணி நேரம்கூட இல்லை. முழுக்க வீடியோ அழைப்பின் திரையிலேயே நடக்கிறது. அதற்கு டிவியை விட மடிக்கணினிதான் பொருத்தம்.

சொந்தத் தயாரிப்பு அல்லாத படங்கள் உரிமம் முடிந்ததும் தளத்திலிருந்து மறைந்துவிடும்.  எனவே ஒரு படத்துக்காகச் சந்தா கட்டுவதாக இருந்தால், ‘சிறந்த 50’ பட்டியல்களை நம்பாமல் அன்றைக்கே அந்தத் தளத்தில் பெயரும் ஆண்டும் போட்டுத் தேடிப் பாருங்கள்.

சப்டைட்டிலில் ‘சிசி’ என்று குறித்ததைத் தவிருங்கள். காது கேளாதவர்களுக்காகச் செய்தது அது, ‘பின்னால் காலடிச் சத்தம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடும். சப்டைட்டிலின் நிறத்தில் வெள்ளையை விட மங்கலானது இருந்தால் அதற்கு மாற்றி, அளவையும் சிறிதாக்குங்கள். இருட்டுத் திரையில் பளீரென்று வெள்ளை எழுத்து வந்தால் கண் கூசி, பக்கத்தில் நிற்பது தெரியாமல் போகும். கணக்கு அமைப்பில் முன்னோட்டம் தானாக ஓடுவதையும் அணைத்துவிடுங்கள். படத்தின் உச்சக் காட்சியை முகப்பிலேயே போட்டுக் காட்டிவிடும் வேலையை அது அடிக்கடி செய்கிறது.