சிட்டத்தில் இருந்த நிறம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் எழுத்தைப் படித்துத்தான் நான் காலுறை பின்னக் கற்றுக்கொண்டேன். ஒற்றை நிற நூலில் நான்கு இணைகளை முடித்த துணிவில், கையால் சாயமேற்றிய கம்பளி நூல் ஒரு சிட்டம் வாங்கினேன். நீலம், பச்சை, செம்பழுப்பு, வெளிர்மஞ்சள் என்று நான்கு நிறங்கள். சிட்டமாகக் கிடந்தபோது அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பின்னிய பிறகு அந்த அழகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முதல் காலுறையில் நிறங்கள் மெல்லச் சுருண்டு ஏறின. இரண்டாவதிலோ, அதே ஊசி, அதே நூல், சுற்றுக்கு அதே 64 கண்ணிகள் (ஊசியில் விழும் நூல் வளையங்கள்) என்றிருந்தும், முன்பக்கத்தில் நீலமும் பின்பக்கத்தில் செம்பழுப்பும் தூண்போல் தேங்கி நின்றுவிட்டன. குதிகால் இரண்டிலுமே வேறு நூலில் பின்னியதுபோல் ஒட்டாமல் இருக்கிறது. நனைத்தபோது நீரும் நீலமாயிற்று. கைச்சாய நூல் பார்ப்பதற்கு மட்டுந்தான், காலில் போடுவதற்கு ஆகாது என்கிறாள் என் தோழி. தவறு நூலிலா, சாயமிட்டவரிடமா, என் கையிலா? இரண்டையும் பிரித்துவிடலாமா?

தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தவறு என்று சொல்லத்தக்கது மூன்றிடத்திலும் இல்லை. நூலில் நிறங்கள் ஒரு நீளக் கணக்கில் இடப்பட்டிருக்கின்றன. உங்கள் காலுறையின் ஒவ்வொரு சுற்றும் வேறொரு நீளத்தை எடுத்துக்கொள்கிறது. இவ்விரண்டு நீளங்களும் எப்படிச் சந்திக்கின்றன என்பதே நீங்கள் கண்ட சுருளுக்கும் தூணுக்கும் காரணம். சிட்டம் என்பது ஒரே சுற்றளவில் பலநூறு முறை சுற்றப்பட்ட வளையம். அதன் ஓரிடத்தில் நீலத்தை ஊற்றினால், அந்த இடத்தைக் கடக்கும் எல்லா இழைகளும் நீலமாகும். ஆகவே நூலைப் பிரித்து நீட்டிப் பார்த்தால், நான்கு நிறங்களும் அதே வரிசையில், ஏறத்தாழ அதே நீளத்தில், முதலிலிருந்து முடிவு வரை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். வளையத்தின் ஒரு சுற்றளவுக்குள் அந்த வரிசை ஒருமுறை வரலாம், சாயமிடுபவர் மடித்து இட்டிருந்தால் இருமுறையும் வரலாம்.

இனி உங்கள் பின்னலுக்கு வருவோம். காலுறைக்குரிய மெல்லிய நூலில், 10 செ.மீ. அகலத்துக்கு 32 கண்ணிகள் விழும் இறுக்கத்தில், ஒரு கண்ணி ஏறத்தாழ 1 செ.மீ. நூலை எடுத்துக்கொள்ளும்; எனவே 64 கண்ணிகள் கொண்ட சுற்றுக்கு 64 செ.மீ. அளவில் நூல் செல்லும். உங்கள் நூலின் நிறவரிசையும் 64 செ.மீ. ஆக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நீலம் நீலத்தின் மேலேயே வந்து அமரும், நான்கு நிறங்களும் நான்கு தூண்களாக எழும். நீங்கள் சொன்ன வரிசையில் நீலத்துக்கு நேரெதிரே வருவது செம்பழுப்புதான். முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் மற்றொன்றும் நின்றதை வைத்தே, உங்கள் நூலின் நிறவரிசை இந்த அளவை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். முதல் காலுறையில் கை சற்றே இறுக்கமாக இருந்திருக்கும். நூறில் இரண்டு பங்கு இறுகினாலே சுற்றுக்கு ஒன்றேகால் செ.மீ. நூல் மிஞ்சும், அடுத்த சுற்றில் நீலம் ஒரு கண்ணிக்குச் சற்று அதிகமாகத் தள்ளி விழும், அந்தத் தள்ளல் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போய்ச் சுருளாகும். ஒரு நாள் மாலையில் களைத்த கையோடு பின்னுவதற்கும் மறுநாள் காலையில் பின்னுவதற்கும் இடையில் இந்த அளவு வேறுபாடு எவருக்கும் வரும். ஒற்றை நிற நூலில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, கைச்சாய நூல் அதைக் காட்டிவிடுகிறது. இதற்காக நான் இந்த நூலை நேசிக்கவே செய்கிறேன்; என் கையின் நிலையை இவ்வளவு நுட்பமாக எனக்குத் திருப்பிச் சொல்லும் பொருள் வேறு எதுவும் எனக்கு வாய்த்ததில்லை.

ஆகவே சிட்டத்தைப் பந்தாகச் சுற்றுவதற்கு முன் அளந்துவிட வேண்டும். அவிழ்த்து மேசைமேல் வளையமாகப் பரப்பி, ஒரு நீலத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்த நீலத்தின் தொடக்கம் வரை உள்ள நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, நூலைப் பின்னிக்கொண்டிருக்கும்போதே இருபது கண்ணிகளுக்கு அடையாளம் வைத்து, அவற்றைப் பிரித்து, அந்த இருபதும் எடுத்துக்கொண்ட நூலை அளந்தால் உங்கள் கையின் கணக்குத் தெரிந்துவிடும். வரிசை 64, சுற்றும் 64 என்று வந்தால் கண்ணிகளை 60 ஆக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் நிறம் நான்கு கண்ணிகள் நகரும், பதினாறு சுற்றுகளில், அதாவது நான்கு செ.மீ. உயரத்துக்குள், காலை ஒருமுறை சுற்றி வந்துவிடும். 68 ஆக்கினால் அதே சாய்வு எதிர்த்திசையில் ஏறும். கால் அளவு இதற்கு இடம் கொடுக்கும். காலுறை பாதத்தின் சுற்றளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதுதான் வழக்கம், அதற்குள் நான்கு கண்ணிகள் கூடுவதோ குறைவதோ உறுத்தாது.

கண்ணிகளை மாற்ற மனமில்லாதவர்களுக்கு, நூலைச் சம எடையுள்ள இரண்டு பந்துகளாகப் பிரித்து, ஒரு சுற்றை ஒன்றிலும் மறு சுற்றை மற்றதிலும் பின்னும் வழி இருக்கிறது. இரண்டாவது பந்து வரிசையின் வேறொரு நிறத்தில் தொடங்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் செய்த வேலை வீண். நூல் மாறும் இடத்தில் இழுத்துவிடாதீர்கள், அங்கே ஒரு பள்ளம் விழும். பின்னாமல் கண்ணியை ஊசிமாற்றிக் கடத்தும் புள்ளிப் பின்னலும் உதவும், ஏனெனில் கீழ்ச்சுற்றின் நிறத்தை அது மேலே தூக்கி வைக்கிறது. முறுக்குப் பின்னலையும் துளைப் பின்னலையும் இந்த நூலில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. நிறங்களின் நடுவே அவை தெரியாது, உழைப்புத்தான் மிஞ்சும்.

குதிகாலைப் பற்றி நீங்கள் எழுதியது சரியான கவனிப்பு. அங்கே சுற்றிப் பின்னுவதை விட்டு, பாதிக் கண்ணிகளில் மட்டும் போய்த் திரும்பிப் பின்னுகிறோம். வரியின் ஓரத்தில் எந்த நிறம் இருக்கிறதோ அது அப்படியே மடங்கித் தன்மேல் தானே வந்து விழுவதால், ஓரங்களில் நிறத்திட்டு இரட்டிப்பு உயரம் பெறுகிறது. போதாததற்கு, குதிகாலை உறுதியாக்குவதற்காக ஒன்றுவிட்டு ஒன்று கண்ணியைப் பின்னாமல் கடத்துகிறோம், அதனால் நூலின் செலவும் குறைகிறது. காலைச் சுற்றிப் பின்னும் பகுதியின் கணக்கு அங்கே செல்லுபடியாகாது. நான் பெரும்பாலும் குதிகாலையும் விரல்முனையையும் அந்த நான்கு நிறங்களில் ஒன்றைக் கொண்ட ஒற்றை நிற நூலில் பின்னிவிடுகிறேன். முதலில் தேய்வன அவையே என்பதால், பின்னால் பிரித்துப் புதிதாகப் பின்னவும் எளிது. ஆனால் குதிகாலை முடித்து ஓரக் கண்ணிகளைச் சேர்த்தெடுத்ததும் 64 கண்ணிகள் 82 வரை பெருகி, பிறகு இரண்டு சுற்றுக்கு இரண்டாகக் குறைந்து 64க்குத் திரும்பும் முக்கோணப் பகுதியை மட்டும் கைச்சாய நூலிலேயே விட்டுவிடுகிறேன். சுற்றின் நீளம் அங்கே மாறிக்கொண்டே இருப்பதால் நிறங்களால் எந்த ஒழுங்கிலும் நிலைகொள்ள முடிவதில்லை. சிட்டத்தில் நீங்கள் கண்ட அழகு முழு காலுறையிலும் அந்த இடத்தில்தான் மிக நெருக்கமாகத் திரும்பி வருகிறது, உங்கள் காலுறைகளை எடுத்துப் பாருங்கள்.

சாயம் இறங்கியதற்குக் கவலைப்பட வேண்டாம். கம்பளியிலும் நைலானிலும் பெரும்பாலும் இடப்படுவது அமிலச் சாயம். புளிப்பும் வெப்பமும் போதிய நேரம் கிடைத்தால்தான் அது இழையோடு பிணையும். பிணையாமல் தங்கியதுதான் நீரில் வந்தது. முதல் அலசலோடு நின்றுவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மூன்றாவது அலசலிலும் நீர் நிறமானால், வினிகர் கலந்த நீரில் காலுறைகளை அமிழ்த்தி, கொதிநிலையை எட்டாமல் 85 பாகை அளவுக்கு மெதுவாகச் சூடாக்கி, அரை மணி நேரம் கலக்காமல் வைத்திருந்து, அதே நீரிலேயே ஆறவிடுங்கள். அவுரி நீலமாக இருந்தால் இந்த முறை பயன்படாது. அது இழையோடு பிணைவதில்லை, நுண்துகளாகத் தங்கியிருக்கிறது, பின்னும்போது விரலிலும் ஒட்டும். சோப்பு நீரில் அலசி மிஞ்சிய துகளைப் போக்குவதே அதற்கு வழி.

உங்கள் தோழியின் சொல்லுக்கு ஒரு காரணம் உண்டு. கையால் சாயமிடுபவர்கள் பலர், நிறம் ஒளிவிடும் என்பதற்காக மெரினோ கம்பளியின் ஒற்றைப்புரி நூலைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அது முறுக்குக் குறைந்தது, விரைவில் பிசிறிட்டுத் தேயும். அது நூலின் குணம், அந்தப் பழியைச் சாயத்தின்மேல் போடக் கூடாது. நான்குபுரியாக இறுக முறுக்கி, கம்பளி 75 பங்கும் நைலான் 25 பங்கும் கலந்த நூலை வாங்கினால், ஆலைச்சாய நூலைப் போலவே அது உழைக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், எகிப்தின் ஆன்டினோபோலிஸ் நகரத்தில் அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ கி.பி. 300ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு குழந்தையின் இடக்கால் உறை இருக்கிறது. இரண்டு ஊசிப் பின்னல் அல்ல, ஒற்றை ஊசியால் கோத்துச் செய்தது. அதன் பட்டைகளில் உள்ள ஏழு நிறச்சாயல்களும் மஞ்சிட்டி இனச் செடியின் சிவப்பு, வோட் செடியின் நீலம், வெல்ட் செடியின் மஞ்சள் என்ற மூன்றே சாயங்களிலிருந்து வந்தவை என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. மூன்று சாயத்தில் ஏழு நிறம் கண்ட அந்தக் கைகள் அந்த உழைப்பை ஒரு குழந்தையின் காலுக்குத்தான் கொடுத்தன.

பிரிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். முதலாவதைத் தொடாதீர்கள், சுருளாக ஏறியது நல்ல பின்னல்தான். இரண்டாவதை மேல்பட்டை வரை பிரித்து, நூலை முழங்கையில் சுற்றாமல் நாற்காலியின் முதுகில் தளர்வாகச் சிட்டமிட்டு, நான்கு இடங்களில் கட்டி, நனைத்து, நெளிவு நீங்கும்வரை தொங்கவிடுங்கள். காய்ந்ததும் நிறவரிசையை அளந்து, உங்கள் கண்ணிக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். எத்தனை கண்ணிகளில் தொடங்கலாம் என்று அந்த இரண்டு எண்களையும் வைத்துச் சொல்கிறேன்.

அன்புடன்