குதிரையா, போர் விமானமா? காருக்கும் விமானத்துக்கும் ஒரே பெயர் வந்தால் குவிஸில் எப்படிக் கேட்பது

கேள்வி: எங்கள் அலுவலக குவிஸில் “இரண்டாம் உலகப் போர் விமானத்தின் பெயர் சூட்டப்பட்ட அமெரிக்க கார் எது?” என்று கேட்டேன். விடை ஃபோர்டு மஸ்டாங். ஓர் அணி சொன்னது, மதிப்பெண் கொடுத்தேன். எதிரணி ஒத்துக்கொள்ளவில்லை. “காரின் முகப்பில் ஓடுவது குதிரை, இதில் விமானம் எங்கே வந்தது?” என்று அப்பீல் செய்தார்கள். யார் சொல்வது சரி? கார், விமானம் இரண்டுக்கும் பொதுவான பெயர்களை வைத்து ஒரு முழுச் சுற்று நடத்தவும் ஆசை. சண்டை வராமல் கேள்விகளை எப்படி அமைப்பது?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டு அணிக்கும் மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். எதிரணியின் அப்பீலில் நியாயம் இருக்கிறது. உங்கள் விடையும் காற்றில் பிறந்ததல்ல.

பி-51 விமானத்தை அமெரிக்காவின் நார்த் அமெரிக்கன் நிறுவனம் பிரிட்டனுக்காக உருவாக்கியது. 1940 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்தது. அதற்கு மஸ்டாங் என்று பெயர் வைத்தவர்களே பிரிட்டிஷ்காரர்கள்தான். 1962இல் ஃபோர்டு ‘மஸ்டாங் 1’ என்ற மாதிரிக் காரைக் காட்டியது. அந்தப் பெயரைச் சொன்னவர் வடிவமைப்பாளர் ஜான் நஜ்ஜார், அவர் அந்த விமானத்தின் ரசிகர் என்பது ஒரு தரப்பு. இல்லை, சந்தை ஆய்வுப் பிரிவில் இருந்த ராபர்ட் எகர்ட்தான் சொன்னார், அவர் குதிரை வளர்ப்பவர் என்பது இன்னொரு தரப்பு. 1964 ஏப்ரல் 17 அன்று கார் வெளிவந்தபோது முகப்பிலும் விளம்பரத்திலும் இருந்தது குதிரை மட்டுமே. ஆகவே “பெயர் சூட்டப்பட்ட” என்று கேட்டால் விவாதம் முடியாது. “எந்த விமானத்தின் பெயரும் இதுவும் ஒன்று?” என்று கேட்டிருந்தால் யாரும் வாயைத் திறந்திருக்க முடியாது. சுற்று முழுவதற்கும் இதையே கடைப்பிடியுங்கள். ஒரே பெயர் என்பதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இதைப் பார்த்துத்தான் அதற்கு வைத்தார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும்.

சாட்சி தேடும் முன் ஆண்டைப் பாருங்கள். பாதிக் கதைகள் அங்கேயே விழுந்துவிடும். ரோல்ஸ் ராய்ஸ் ஃபேண்டம் கார் 1925லேயே வந்துவிட்டது. மெக்டானல் நிறுவனத்தின் முதல் ஃபேண்டம் ஜெட் பறந்தது 1945இல், வியட்நாம் போரில் பேர் வாங்கிய எஃப்-4 ஃபேண்டம் 1958இல். விமானத்தைப் பார்த்து காருக்குப் பெயர் வைத்தார்கள் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: பிரிட்டன் வாங்கிய எஃப்-4களில் பொருத்தப்பட்டது ரோல்ஸ் ராய்ஸின் ஸ்பே எஞ்சின். ஆக, ஒரே கம்பெனியின் பெயர் ஃபேண்டம் காரிலும் இருந்தது, ஃபேண்டம் விமானத்தின் வயிற்றிலும் இருந்தது. ஃபோர்டு ஃபால்கனும் அப்படித்தான். அது 1960ஆம் ஆண்டு மாடல், எஃப்-16 ‘ஃபைட்டிங் ஃபால்கன்’ போர் விமானம் பிறந்ததே 70களில்.

விமானம்தான் மூத்தது, பெயரும் அங்கிருந்துதான் வந்தது என்று துணிந்து சொல்லக்கூடிய கார், டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானம் முதலில் பறந்தது 1936 மார்ச் 5. கார் வந்தது 1962இல், தயாரானது கோவென்ட்ரியில். 1940 நவம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் தரைமட்டமான ஊர் அது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஸ்பிட்ஃபயர் என்றால் என்னவென்று விளக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பெயரைத் தாண்டி ஒற்றுமை தேடாதீர்கள். விமானத்தில் இருந்தது 27 லிட்டர் மெர்லின் எஞ்சின், காரில் 1,147 சிசி.

இந்தக் காருக்கு நம் ஊரில் ஒரு சொந்தக்காரர் உண்டு. டிரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயரைக் கட்டினார்கள். அந்த ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரித்தது. உங்கள் போட்டியில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், முன்பக்கம் முழுவதையும் ஒரே மூடியாக முன்னால் கவிழ்த்துத் திறக்கும் அந்தக் காரை நினைவு வைத்திருப்பார்கள். ஸ்பிட்ஃபயரிலும் அதே திறப்புதான். நான்கு கதவு ஹெரால்டு வந்தது இந்தியாவில்தான், பிரிட்டனில் இரண்டு கதவுதான். அப்புறம், ஹெரால்டு என்ற பெயரில் விமானமும் இருந்தது: ஹேண்ட்லி பேஜ் ஹெரால்டு, 1955இல் பறந்த பயணிகள் விமானம். கார் 1959இல் வந்தது. ஆண்டு பொருந்துகிறதே என்று அவசரப்பட வேண்டாம். ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் தலைவர் அலிக் டிக்கிடம் இருந்த படகின் பெயர் ஹெரால்டு, கார் பெயர் அங்கிருந்து வந்தது என்பதே வழக்கமாகச் சொல்லப்படுவது. எது முந்தியது என்று பார்ப்பது பொய்யைக் கழிக்கத்தான் உதவும், உண்மையை நிரூபிக்காது.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி அம்பாசடர். 1957இல் வந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான நம் அம்பாசடர் காரேதான். 1947இல் ஏர்ஸ்பீட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி அம்பாசடர் என்ற இரட்டை எஞ்சின் பயணிகள் விமானத்தைப் பறக்கவிட்டது. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் பனிச்சேறு படிந்த ஓடுதளத்தில் மூன்றாவது முறையாக மேலெழ முயன்று விபத்துக்குள்ளானது இந்த வகை விமானம்தான். மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள் 8 பேர் உட்பட 23 பேர் இறந்தார்கள். இயக்கிய நிறுவனம் அந்த விமானங்களை ‘எலிசபெதன்’ என்று அழைத்ததால் கால்பந்து ரசிகர்களுக்கே அம்பாசடர் என்ற பெயர் சட்டென்று பிடிபடாது. கடினமான கேள்வி வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜோடி அதோடு நிற்கவில்லை. நம் அம்பாசடரின் மூலம் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரீஸ் கார். ஏர்ஸ்பீடிலும் ஆக்ஸ்போர்டு உண்டு: 1937இல் பறந்த பயிற்சி விமானம். போர்க்காலத்தில் அதைத் தயாரித்துக் கொடுத்த கம்பெனிகளில் கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு மோட்டாரும் ஒன்று. போர் முடிந்ததும் அந்த ஆக்ஸ்போர்டுகளைப் பயணிகள் விமானமாக மாற்றி ‘கான்சல்’ என்று விற்றார்கள். ஃபோர்டு கான்சல் கார் 1951இல் வந்தது. ஆக்ஸ்போர்டு, கான்சல், அம்பாசடர் மூன்றையும் திரையில் காட்டி “எந்த விமானக் கம்பெனி?” என்று கேளுங்கள். இவற்றில் எதுவும் எதையும் பார்த்து வைத்த பெயர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மோரிஸ் கார் தயாரானதே ஆக்ஸ்போர்டு நகரை ஒட்டிய கவ்லியில்தான்.

இன்றைய சாலையில் ஓடும் பெயர் வேண்டுமென்றால் ஹாரியர், ஸ்விஃப்ட். இரண்டிலும் ஒரே வம்பு, நடுவில் பறவை இருக்கிறது: ஆங்கிலத்தில் இரண்டுமே பறவைகளின் பெயர்கள். டாடா ஹாரியர் 2019இல் வந்தது. நம் கடற்படை 1983 முதல் 2016 வரை ஓட்டிய சீ ஹாரியர், ஓடுதளமே இல்லாமல் நின்ற இடத்திலிருந்து எழக்கூடிய ஜெட். ஜப்பானில் 1997 முதல் டொயோட்டா ஹாரியர் ஓடுகிறது, அதன் சின்னத்தில் இருந்தது பூனைப்பருந்து. சூப்பர்மரீன் ஸ்விஃப்ட் பற்றிக் கேட்டால் மாருதி அபிமானிகள் கோபித்துக்கொள்ளலாம். 1954இல் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து, அடுத்த ஆண்டே சண்டைப் பணியிலிருந்து கழற்றிவிடப்பட்ட ஜெட் அது. அதன் இடத்தைப் பிடித்தது ஹாக்கர் ஹன்டர், 1971 டிசம்பரில் லோங்கேவாலாவில் நம் விமானப் படைக்குக் கைகொடுத்ததும் அதுதான். ஹில்மன் ஹன்டர் என்று காரும் உண்டு. 1968இல் பம்பாய் வழியாகப் போன லண்டன்–சிட்னி கார் பந்தயத்தில் முதலிடம் அந்தக் காருக்கே.

இப்படி ஆளாளுக்கு ஒரே பெயரை வைத்தால் வழக்கு வராதா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், பதில் வைத்திருங்கள். வர்த்தகக் குறிப் பதிவில் உள்ள 45 வகுப்புகளில் 12ஆவது, வாகனங்களுக்கானது. தரை, வான், நீர் எல்லாவற்றுக்கும் அது ஒன்றேதான். காரும் விமானமும் ஒரே வகுப்பு! அப்படியும் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை, ஏனென்றால் வாங்குபவர் குழம்புவாரா என்பதுதான் முக்கியமான கேள்வி. ஹாரியர் எஸ்யூவி வாங்கப் போனவர் போர் விமானத்தை புக் பண்ணிவிட்டு வரமாட்டார். காருக்கும் லாரிக்கும் இடையில்தான் தகராறு வரும். ஜெர்மனியில் மஸ்டாங் பெயர் க்ரூப் கம்பெனியின் லாரிக்குச் சொந்தமாக இருந்ததால், ஃபோர்டு தன் காரை 70களின் கடைசி வரை அங்கே ‘டி-5’ என்றுதான் விற்றது.

விதிவிலக்கும் நம் பக்கத்திலேயே நடந்தது. 2024 நவம்பரில் மஹிந்திரா சென்னையில் ‘பிஇ 6ஈ’ என்ற மின்சாரக் காரை அறிமுகம் செய்தது. 6ஈ என்பது இண்டிகோ விமான நிறுவனத்தின் குறியீடு. இண்டிகோ டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பரில் மஹிந்திரா காரின் பெயரை ‘பிஇ 6’ என்று சுருக்கிக்கொண்டு, உரிமையை விடாமல் வாதாடப் போவதாக அறிவித்தது. கூடவே, டாடாவுக்கு 2002 முதலே இண்டிகோ என்ற கார் இருந்ததையும் சுட்டிக்காட்டியது. விமான நிறுவனம் பறக்கத் தொடங்கியது 2006இல்தான். “கார் முதலில், விமானம் பிறகு, என்ன பெயர்?” என்று கேட்க இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஃபோர்டு கேலக்ஸி (1959), லாக்ஹீட் சி-5 கேலக்ஸி (1968) இரண்டும் தமிழில் ஒன்றாக இருந்தாலும் ஆங்கிலத்தில் எழுத்து வேறு. காரின் பெயர் ‘ஐஈ’ என்று முடியும், விமானத்தின் பெயர் ‘ஒய்’ என்று முடியும். அந்த ஒரு கேள்வியை வாயால் கேட்காமல் ஸ்லைடில் எழுத்தோடு காட்டுங்கள்.