டச்பேட் சாகல, தட்டுறதுதான் ஆஃப்ல கிடக்கு

கேள்வி: சார், தம்பி ப்ளஸ் டூ படிக்கும்போது கவர்மென்ட்ல குடுத்த லேப்டாப்ப இப்போ நான் ட்யூஷன் நோட்ஸ் அடிக்க வச்சிருக்கேன். விண்டோஸ் ரொம்ப இழுத்ததால கடையில குடுத்து டெபியன் லினக்ஸும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பும் போட்டேன். வேகம் பரவால்ல. ஆனா டச்பேட்ல தட்டினா க்ளிக் ஆகல, ரெண்டு விரல்ல தள்ளினா பக்கம் தலைகீழா போகுது, டைப் பண்ணும்போதே கர்சர் வேற வரிக்குத் தாவிடுது. சில கீ போயிட்டதால யூஎஸ்பி கீபோர்டு மாட்டித்தான் அடிக்கிறேன். விண்டோஸ் கீயோட ஈ அழுத்தினா ஃபோல்டர் வராம மெனு வருது, தமிழுக்கு மாத்துற விண்டோஸ் கீ + ஸ்பேஸும் அதே கதைதான். கடையில டச்பேட் போச்சு, மாத்த 1,800 ரூபாய்னு சொல்றாங்க. மாத்தலாமா? (வாசகி, அருப்புக்கோட்டை)

பதில்: மாத்தாதீங்க. முதல்ல அந்த 1,800-ஐ பத்திரமா உள்ள வைங்க.

டச்பேட்ல விரல வச்சு நகத்தினா அம்புக்குறி நகருதா? கீழ இருக்கிற ரெண்டு பட்டன அழுத்தினா க்ளிக் ஆகுதா? ரெண்டும் நடக்குதுன்னா டச்பேட் உயிரோட நல்லா இருக்கு. தட்டினா க்ளிக் ஆகுறது ஒரு அமைப்பு, அது உங்க மெஷின்ல ஆஃப்ல இருக்கு, அவ்ளோதான். லினக்ஸ்ல டச்பேடைப் பாத்துக்கிற மென்பொருள் பேரு லிபின்புட், தனியா பட்டன் வச்ச டச்பேட்ல தட்டுறத அது ஆஃப்ல வச்சேதான் ஆரம்பிக்கும். அதுக்கு அவங்க சொல்ற காரணம் என்னன்னா, தட்டினா க்ளிக் ஆகும்னு தெரியாதவங்களுக்கு கை பட்டதும் எது எதுவோ திறந்து குழப்பும், தெரிஞ்சவங்க தேடிப் போய் ஆன் பண்ணிக்குவாங்களாம். யாரு தேடுவா? கடைக்குத்தான் தூக்கிட்டுப் போவாங்க. என்கிட்ட வந்த ஒரு காலேஜ் பையன் வேற ஒரு இடத்துல காசு குடுத்து புது டச்பேடே போட்டிருந்தான், புதுசுலயும் தட்டினா க்ளிக் ஆகலன்னு வந்து நின்னான், ஒரு டிக் போட்டுக் குடுத்தேன், பையன் முகத்தப் பாக்க முடியல.

செட்டிங்ஸ்ல "மவுஸ் அண்ட் டச்பேட்" திறங்க. இங்கதான் முக்காவாசிப் பேர் வழுக்கி விழுறாங்க. மேல டிவைஸ்னு ஒரு பட்டியல் இருக்கும், அதுல பெரும்பாலும் மவுஸ்தான் முன்னாடி நிக்கும், நீங்க அவசரத்துல எதையெதையோ மாத்துவீங்க, அது மவுஸுக்குப் போய்ச் சேரும், டச்பேட் அப்படியே இருக்கும், அப்புறம் லினக்ஸே சரியில்லம்பீங்க. பட்டியல இறக்கி டச்பேட்னு பேர் வர்றத தேர்வு பண்ணுங்க. பண்ணினதும் உள்ள டச்பேட்னு ஒரு டேப் வரும், அதுல "டேப் டச்பேட் டு க்ளிக்" (தட்டினா க்ளிக்) டிக் போடுங்க. ஒரு விரல் தட்டினா இடது க்ளிக், ரெண்டு விரல் வலது, மூணு விரல் நடு பட்டன். பக்கத்து டேப்ல "ரிவர்ஸ் ஸ்க்ரோல் டைரக்ஷன்" இருக்கும், அதையும் போட்டுக்கோங்க, போன்ல தள்ளிப் பழகின கைக்கு இதுதான் ஒத்து வரும்.

இன்னொன்ன இப்பவே சொல்லிடுறேன். இதுக்கு வழி தேடினா சின்க்ளையன்ட்னு ஆரம்பிக்கிற கமாண்ட் ஒண்ணு எல்லா இடத்துலயும் கிடைக்கும், அது சினாப்டிக்ஸ்ங்கற பழைய டிரைவருக்கானது. அத அடிச்சா வேலை செய்யாது, உடனே வீடியோல ஒருத்தர் "அப்போ அந்த டிரைவரையே போடுங்க"ம்பார், போட்டா அது லிபின்புட்டத் தள்ளிட்டு முன்னாடி வந்து உக்காந்துக்கும். அதைவிட மோசம், "எல்லாத்தையும் ஒரே அடியில சரி பண்ற ஸ்க்ரிப்ட்"னு இணையத்துலேர்ந்து இறக்கி அட்மின் பாஸ்வேர்டக் குடுத்து ஓட்டச் சொல்வாங்க. வீட்டுச் சாவிய முகம் தெரியாத ஆள்கிட்ட குடுத்துட்டு கொசு வலை மாட்டச் சொல்ற கதை இது. உங்களுக்கு ஒரு கமாண்டும் வேண்டாம், எல்லாமே டிக் பாக்ஸ்லயே முடியுது. கடைக்காரர் அந்தப் பழைய டிரைவரப் போட்டிருந்தா மட்டும் எடுத்துடணும். ஆனா கவனம்மா, டெபியன்ல மென்பொருள் போட எடுக்க உதவுற பேக்கேஜ் மேனேஜர் பேரு சினாப்டிக், கடைசியில ஸ் கிடையாது. டச்பேட் டிரைவர் சினாப்டிக்ஸ். பேர் வச்ச புண்ணியவான்கள என்ன சொல்ல. சினாப்டிக்கத் திறந்து இன்புட் சினாப்டிக்ஸ்னு (input synaptics) இங்கிலீஷ்ல தேடுங்க, எக்ஸ்சர்வர்னு ஆரம்பிக்கிற அந்தப் பேருக்கு முன்னாடி கட்டம் பச்சையா இருந்தா அது உள்ள இருக்கு, எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

இப்போ கர்சர் தாவுறது. டச்பேட் டேப்லயே "டிசேபிள் டச்பேட் வைல் டைப்பிங்" இருக்கு, டைப் பண்ணும்போது உள்ளங்கை பட்டாலும் டச்பேட் கண்டுக்காது. எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க. ஆனா உங்களுக்கு இது வேலை செய்யாது, ஏன்னா நீங்க யூஎஸ்பி கீபோர்டு மாட்டியிருக்கீங்க. லிபின்புட் லேப்டாப்போட சொந்த கீபோர்டையும் சொந்த டச்பேடையும்தான் ஜோடி சேக்கும், வெளியில மாட்டுற கீபோர்டு மேஜைல எங்கயோ இருக்கும், அதுல அடிக்கிற கை டச்பேட்ல படாதுன்னு கணக்கு. வெளிநாட்டு மேஜைக்கு அது சரி. நம்மூர்ல இடம் ஏது, யூஎஸ்பி கீபோர்ட லேப்டாப் மேலயே குறுக்க வச்சுத்தான் அடிக்கிறோம், கீபோர்டு விளிம்பும் மணிக்கட்டும் டச்பேட்ல தேயுது, கர்சர் மூணு வரி மேல போய் நிக்குது, அடிச்ச அரை வாக்கியம் வேற பத்தியில கிடக்குது. இதுக்கு எத்தனை டிக் போட்டாலும் பலன் இல்ல. சோதிச்சுப் பாக்கணும்னா லேப்டாப்போட சொந்தக் கீயில எது வேலை செய்யுதோ அதுல நாலு எழுத்து தட்டிக்கிட்டே டச்பேட்ல விரல நகத்துங்க, அம்பு நிக்கும். யூஎஸ்பில அதையே பண்ணுங்க, அம்பு ஓடும்.

அதனால டைப் பண்ற நேரம் டச்பேட அணைச்சு வைங்க. எஃப்என் கீயோட மேல் வரிசைல டச்பேட் படம் போட்ட கீ இருந்தா அது. இல்லன்னா அதே அமைப்புல "எனேபிள் திஸ் டிவைஸ்" டிக்க எடுங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மவுஸ் மாட்டிக்கோங்க! மாட்டாம எடுத்தா திரும்ப டிக் போட அம்பு இருக்காது, டேப் கீயத் தட்டித் தட்டி அங்க போய் ஸ்பேஸ் அழுத்தித்தான் மீளணும். அனுபவம்.

விண்டோஸ் கீ விஷயம் கடைக்காரர் பண்ணின உபகாரம். விண்டோஸ் மாதிரியே இருக்கட்டும்னு அந்தக் கீய மட்டும் அழுத்தினா மெனு வர்ற மாதிரி கட்டியிருப்பார், பல பதிப்புகள்ல அப்படிக் கட்டினா விரல் பட்ட உடனே மெனு முந்திக்கும், பின்னாடி வர்ற ஈயும் ஸ்பேஸும் போய்ச் சேராது. செட்டிங்ஸ், கீபோர்டு, அப்ளிகேஷன் ஷார்ட்கட்ஸ் போங்க, பட்டியல்ல வெறும் சூப்பர்னு இருக்கிற வரிய நீக்குங்க (விண்டோஸ் கீக்கு லினக்ஸ்ல சூப்பர்னு பேரு). மெனுவுக்கு ஆல்ட் + எஃப்1 இருக்கவே இருக்கு. சூப்பர் + ஈ வரி ஏற்கனவே இருந்தா தானா வேலை செய்யும், இல்லன்னா ஆட் அழுத்தி கமாண்ட் கட்டத்துல துனார்னு (thunar, ஃபோல்டர் திறக்கிற மென்பொருள்) இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிச்சு ஓகே குடுங்க, கீய அழுத்துன்னு கேக்கும், ரெண்டையும் சேர்த்து அழுத்துங்க, முடிஞ்சது. ஜன்னல சுருக்குறது, பக்கவாட்டுல ஒட்டுறது மாதிரி ஷார்ட்கட் எல்லாம் இந்தப் பட்டியல்ல தேடாதீங்க, அது விண்டோ மேனேஜர்னு வேற அமைப்பு, அதுக்குள்ள கீபோர்டு டேப். ஒரே கீபோர்டுக்கு ரெண்டு வீடு, வருஷக்கணக்கா இப்படியேதான் வச்சிருக்காங்க.

அந்த வெறும் சூப்பர் வரி போனாலே தமிழ் மாத்துற சூப்பர் + ஸ்பேஸும் வந்துடும், அது தமிழ் அடிக்க உதவுற ஐபஸ்ங்கற மென்பொருளோட வழக்கமான ஷார்ட்கட். கன்ட்ரோல் + ஸ்பேஸுக்கு மாத்திக்கோன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, எக்செல் மாதிரி இருக்கிற லிப்ரேஆபிஸ் கால்க்ல பசங்க மார்க் போடும்போது அது மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு கட்ட வரிசைய (column) முழுசா செலக்ட் பண்ற கீ, அதத் தமிழுக்குக் குடுத்துட்டா கால்க்ல அந்த வேலை நடக்காது.