யுகேஜி படிக்கும் மகள் எந்நேரமும் டீச்சர் விளையாட்டுதான். இதனால் படிப்புக்குப் பயன் உண்டா?

உண்டு. ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி, சொப்பு வைத்து விளையாடினால் மூளை பெருகும் என்றெல்லாம் நம்ப வேண்டாம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆஞ்சலின் லில்லார்டும் அவர் குழுவும் அதுவரை வந்த ஆய்வுகளை 2013இல் அலசினார்கள். இப்படி வேறொருவராக நடித்து ஆடும் பாவனை விளையாட்டால்தான் அறிவுத்திறனோ படைப்பாற்றலோ கூடுகிறது என்று சொல்லப் போதிய சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மழலையர் வகுப்பு எடுக்கிற எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. நான் சொல்லி ஐந்து நிமிஷம் உட்காராத வாண்டு, டீச்சர் விளையாட்டில் மாணவனாகிவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இலேயே இதைப் பேசியிருக்கிறார். சொந்த அக்கா தங்கை இருவர் 'அக்கா தங்கை' விளையாட்டு ஆடுவதை உதாரணம் காட்டுவார். வீட்டில் யோசிக்காமல் எப்படியோ இருப்பவர்கள், விளையாட்டில் அக்கா எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கப் பார்ப்பார்கள். ஏற்ற வேடத்துக்கு ஒரு விதி உண்டு. அதட்டல் இல்லாமலே பிள்ளை அதற்குக் கட்டுப்படும். பின்னாளில் மானுயிலென்கோ என்பவர் சோதித்துப் பார்த்தார். சும்மா அசையாமல் நிற்கச் சொன்னதைவிட, காவல்காரனாக நடித்தபோது பிள்ளைகள் அதிக நேரம் நின்றார்கள். 2017இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 4, 6 வயதுப் பிள்ளைகளுக்குச் சலிப்பான ஒரு வேலை கொடுத்து, பக்கத்தில் ஐபேடில் விளையாட்டும் வைத்தார்கள். தன்னை பேட்மேன் மாதிரி யாராவதாக நினைத்துக்கொண்டவர்களே வேலையில் அதிக நேரம் நின்றார்கள். வகுப்பறைக்கு வேண்டியது இந்தப் பொறுமைதானே!

அப்புறம் சண்டை. "நேத்தும் நீதான் மிஸ்ஸு, இன்னிக்கு நானு" என்று அடிஸ்கேலுக்கு இழுபறி நடந்தே பாதி நேரம் போய்விடும். போகட்டும். பேரம் பேசி, விட்டுக்கொடுத்து, ஆட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வது லேசான வேலையா? உங்கள் மகள் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்துத் தனியாக ஆடுகிறாள் என்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்.

பிளாஸ்டிக் கிச்சன் செட்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். இரண்டு வயதில்தான் பொம்மை டம்ளர் நிஜ டம்ளர் மாதிரியே இருக்க வேண்டும். இந்த வயதில் கொட்டாங்குச்சி போதும். நடுவில் புகுந்து "எங்கே, ஏபிசிடி சொல்லிக்கொடு பார்ப்போம்" என்றும் கேட்காதீர்கள், அந்த நிமிஷமே அது ஹோம்வொர்க் ஆகிவிடும். கூப்பிட்டால் மட்டும் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். பாத்ரூம் போவதென்றாலும் மிஸ்ஸிடம் கேட்டுவிட்டுத்தான்.