சம்பந்தியோடு ஜப்பானியச் சாப்பாடு

கேள்வி: மாப்பிள்ளை சென்னையில் ஒரு ஜப்பானிய உணவகத்துக்கு எங்களையும் சம்பந்தி வீட்டாரையும் அழைத்திருக்கிறார். எல்லாம் குட்டிக் குட்டித் தட்டாம், நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவதாம். எங்கள் வீட்டுச் செட்டியார் சுத்த சைவம். பசியோடும் எச்சில் சங்கடத்தோடும் திரும்புவோமோ? - ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, முதலில் செட்டியாரின் சைவத்தைப் பார்த்துவிடுவோம். மற்றதை அங்கே போய்ச் சமாளிக்கலாம். ஜப்பானியச் சமையலில் பலவற்றுக்கு ஆதாரம் 'தாஷி' என்ற சாறு. கடற்பாசியும், புகைபோட்டுக் காயவைத்த சூரை மீனின் சீவலும் போட்டு இறக்குவது. நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மீசோ என்ற சோயா விழுதைக் கரைத்த சூப்பில் மீன் துண்டு கண்ணில் படாது. சாறே பெரும்பாலும் மீன்தான். பொரித்த டோஃபுவை, அதாவது சோயாப் பன்னீரைச் சுற்றி ஊற்றுவதும், டெம்புரா என்கிற அவர்கள் ஊர் பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளத் தருவதும் அப்படியே. சில தட்டுகளில் அந்தச் சீவலை மேலே தூவித் தருவார்கள். சூட்டில் உயிரோடு இருப்பதுபோல நெளியும். அதைச் செட்டியார் பக்கம் நகர்த்திவிடாதீர்கள்!

'வெஜ் இருக்கா' என்று கேட்டால் போதாது. மேசை பதிவு செய்யும்போதே, தாஷியும் முட்டையும் இல்லாமல் என்னென்ன கிடைக்கும் என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல்லுங்கள். டெம்புரா மாவில் முட்டை சேர்ப்பவர்கள் உண்டு. உப்புப் போட்டு அவித்த பச்சைச் சோயாக்காய், அதாவது எடமாமே, வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய சோறான சுஷி என்று ஏதாவது தேறும். எடமாமேயில் உள்ளே இருக்கும் பருப்பை மட்டும் பல்லால் உருவிக்கொண்டு தோலைப் போட்டுவிட வேண்டும்.

இந்த மாதிரிக் கடைக்கு ஜப்பானில் 'இஸகாயா' என்று பெயர். வேலை முடிந்து வருபவர்கள் குடித்துக்கொண்டே கொறிக்கிற இடம். தட்டு சிறியதாக இருப்பது அதனால்தான். இலை நிறையப் பரிமாறிப் பழகிய கையால் பத்துத் தட்டை ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள். தயாராவதெல்லாம் உடனுக்குடன் வந்து இறங்கும், பொரித்தது ஆறி நமுத்துப்போகும். மூன்று நான்கு சொல்லுங்கள், தீர்ந்ததும் அடுத்தது. கடைசியில் சோறோ நூடுல்ஸோ வாங்கி வயிற்றை நிரப்புவது அவர்கள் வழக்கமே.

எச்சில் பிரச்சினை வராது. ஆளுக்கொரு சின்னத் தட்டும், பரிமாறத் தனிச் சாப்ஸ்டிக் குச்சியும் கேட்டு வாங்குங்கள். சம்பந்தி ஆச்சிக்கு நீங்களே எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. குச்சி பிடிக்க வராவிட்டால் ஸ்பூன் கேட்கலாம், சுஷியைக் கையாலேயே சாப்பிடலாம். குச்சியைச் சோற்றில் நட்டு வைப்பது மட்டும் கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் முறை அது.

பில்லை மாப்பிள்ளையே கொடுக்கட்டும், அழைத்தவர் அவர். செட்டியாருக்கு மட்டும் கிளம்புமுன் இரண்டு இட்லி கொடுத்துவிடுங்கள்.