ரிகூலோவின் 502.5 கிலோ சரியான எண்தானா?

பிரெஞ்சு பளுதூக்கும் வீரர் சார்ல் ரிகூலோவின் மொத்தம் 502.5 என்பது சரிதான், அச்சுப்பிழை இல்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 'மொத்தம்' என்பது ஐந்து தூக்குகளின் கூட்டு, இப்போது இரண்டுதான். நீங்கள் அவரை இன்றைய பட்டியலோடு நேரடியாக வைத்துப் பார்த்திருப்பீர்கள், அதுதான் தலைசுற்றுகிறது.

கூட்டிப் பாருங்கள்: ஒற்றைக் கை ஸ்னாட்ச் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல்) 87.5, ஒற்றைக் கை கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோள்வரை, பிறகு தலைக்கு மேல்) 92.5, அதுவும் ஒரே கையில்!, பிரஸ் (தோளிலிருந்து கை பலத்தால் மேலே தள்ளுவது) 85, இரு கை ஸ்னாட்ச் 102.5, இரு கை கிளீன் அண்ட் ஜெர்க் 135. ஒப்பிட வேண்டுமானால் இன்றும் இருக்கும் கடைசி இரண்டை மட்டும் எடுங்கள்: 237.5.

1928 பட்டியலில் அவரைத் தேட வேண்டாம். 1925-லேயே தொழில்முறைக்கு மாறிவிட்டார். அப்போது ஒலிம்பிக்கில் அமெச்சூர்களுக்கு (பணத்துக்காக ஆடாதவர்களுக்கு) மட்டுமே இடம். பிறகு மல்யுத்தம், கார் பந்தயம் என்று ஆளே வேறு திசையில் போய்விட்டார்.

ஒன்று மட்டும்: தொழில்முறைக் காலத்தில் அவர் தூக்கிய பெரிய எடைகளை இந்தக் கணக்கோடு கலக்காதீர்கள்.